எரேமியா 33:3-ஐப் புரிந்துகொண்டு வீட்டு ஜெபக்கூட்டத்தில் பகிர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

"என்னை நோக்கிக் கூப்பிடு, அப்பொழுது நான் உனக்கு உத்தரவு கொடுத்து, நீ அறியாததும் உனக்கு எட்டாததுமான பெரிய காரியங்களை உனக்கு அறிவிப்பேன்."

நீலகிரியில் கிறிஸ்தவ வீடுகளுக்குப் போனால் இந்த வசனம் எங்காவது கண்ணில் படும். காலண்டரில் இருக்கும், பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியில் இருக்கும், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் இருக்கும். மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் ஏராளம். அதற்கு முந்தைய வசனம் என்ன என்று கேட்டால் கூட்டமே அமைதியாகிவிடும்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இந்த வசனத்தை நீங்கள் பகிருங்கள்" என்று உபதேசியார் சொல்லிவிட்டுப் போய்விட்டார், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரி, குன்னூர் பக்கத்து வீட்டுக் கூட்டங்களில் புதிதாகப் பேச வருகிறவர்களோடு உட்கார்ந்து தயாரிப்பு செய்து வருகிறேன். பெரும்பாலும் எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். வசனத்தை வாசித்த மறு நிமிஷமே "இது எனக்கு என்ன சொல்கிறது" என்று ஓடிவிடுகிறார்கள். அந்தக் கேள்வி தேவைதான், ஆனால் அது இந்த வழிகாட்டியில் 10-ஆவது படி. வரிசையை மாற்றாதீர்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் எந்த மொழிபெயர்ப்பை வைத்திருக்கிறார்களோ அதையே முதலில் எடுங்கள். இங்கே பெரும்பாலும் பழைய பதிப்புதான். கத்தோலிக்கக் குடும்பங்களும் வருகிற கூட்டம் என்றால் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் கொஞ்சம் மாறும், அதிகார எண் மாறாது.

போனில் வேதாகமச் செயலி இருந்தால், இணையம் இல்லாமலே திறக்கும்படி முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சரிவில் இருக்கிற லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னலை நம்ப முடியாது. மழை பிடித்து கரண்ட்டும் போய்விட்டால் சொல்லவே வேண்டாம்.

ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா. ஒரு நிறம் எரேமியா பேசுவதற்கு, இன்னொன்று கர்த்தர் பேசுவதற்கு. எதற்கு என்று 4-ஆவது படியில் தெரியும்.

இரண்டு மாலை நேரம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் நடக்காது. முதல் மாலை வாசிக்க, இரண்டாவது மாலை எழுத.

இந்தக் கட்டத்தில் தேவையில்லாதது யூடியூப் பிரசங்கம். ஒரு பெரிய பிரசங்கியார் இந்த வசனத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் வேதாகமத்தைத் திறந்தாலும் அவர் சொன்னதுதான் கண்ணுக்குத் தெரியும். விளக்கவுரையும் அப்படித்தான், முதல் வாசிப்பு முடியட்டும்.

## 1. 32:1 முதல் 33:26 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள்

மொத்தம் 70 வசனங்கள். சத்தமாக வாசித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

33-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. 33:1-ஐப் பாருங்கள். எரேமியா இன்னும் காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கும்போது கர்த்தருடைய வார்த்தை இரண்டாம்விசை வந்தது என்று இருக்கிறது. அப்படியென்றால் முதல் விசை என்ன வந்தது? எதற்காக அடைபட்டார்? இரண்டுக்கும் விடை 32-இல் இருக்கிறது. அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. எரேமியாவின் சுருளில் இந்த இரண்டுக்கும் நடுவே அப்படி ஒரு கோடு கிடையாது.

முதல் வாசிப்பில் எதையும் எழுத வேண்டாம். புரியாத இடத்தில் நிற்கவும் வேண்டாம். கதை எங்கே போகிறது என்று பிடிபட்டால் சரி.

## 2. யார், எங்கே, எப்போது, ஏன்: நான்கு வரி எழுதுங்கள்

நோட்டில் நான்கே வரி. அதற்கு மேல் எழுதினால் கூட்டத்தில் சரித்திர வகுப்பு எடுக்கத் தோன்றும்.

யார்: எரேமியா தீர்க்கதரிசி. 33:3-இல் "உனக்கு" என்று கர்த்தர் சொல்வது இவரிடம்தான்.

எங்கே: எருசலேமில், ராஜாவின் அரமனையைச் சேர்ந்த காவற்சாலை முற்றத்தில்.

எப்போது: சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்குப் பதினெட்டாம் வருஷம் (32:1). நம் கணக்கில் கி.மு. 588–587. பாபிலோன் சேனை நகரத்தை முற்றுகை போட்டிருக்கிறது.

ஏன்: இந்த நகரம் பாபிலோன் கையில் விழும் என்று சொன்னதற்காக ராஜாவே அடைத்து வைத்திருக்கிறார் (32:3–5).

நான்காவது வரியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். எரேமியா தப்பு செய்து ஜெயிலுக்குப் போகவில்லை, அவர் விசுவாசம் குறைந்துபோகவும் இல்லை. கர்த்தர் சொல்லச் சொன்னதைச் சொன்னார், அதற்கு வந்த பலன் இது. பின்னால் 10-ஆவது படியில் இந்த வரி உங்களுக்குக் கைகொடுக்கும்.

## 3. ஜெபத்துக்கு முன்னால் நடந்த நிலம் வாங்கலைப் படியுங்கள் (32:6–15)

ஜெபத்தைப் பற்றிய வசனத்துக்கு நில விற்பனை எதற்கு என்று தோன்றும். இதைத் தாண்டிப் போனால் ஜெபம் புரியாது.

எரேமியாவின் தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல், ஆனதோத்தில் இருக்கிற தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டு முற்றத்துக்கே வருகிறார். குடும்ப நிலம் வெளியே போகாமல் நெருங்கிய உறவினர் மீட்டுக்கொள்ளும் வழக்கம் அது (லேவியராகமம் 25:25). விலை 17 சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்று வைத்தால், ஏறக்குறைய 200 கிராம் வெள்ளி.

ஆனதோத், எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டரில் உள்ள ஊர். வெளியே எதிரியின் சேனை. வாங்குகிறவர் சிறையில். போதாததற்கு, தேசமே கைமாறப் போகிறது என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவரேதான். அடுத்த மாதம் அணைநீரில் மூழ்கப் போகிற வயலுக்கு இன்று முழு விலை கொடுத்துப் பத்திரம் முடிக்கிற மாதிரியான காரியம்.

ஆனாலும் முறைப்படி செய்கிறார். சாட்சிகள் கையெழுத்து, தராசில் வெள்ளி நிறுத்தல், முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். காரணம் 15-ஆம் வசனத்தில்: இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார்.

நோட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: *கீழ்ப்படிந்த பிறகுதான் ஜெபித்தார்.* 16-ஆம் வசனம் தெளிவாகச் சொல்கிறது: பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்த பின்பு, கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணினார். ஜெபித்துத் தெளிவு வந்த பிறகு வாங்குகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

## 4. ஜெபத்தை நிறம் பிரித்துப் படியுங்கள் (32:17–25)

இரண்டு நிறப் பேனாவை எடுக்க வேண்டிய இடம் இது. எரேமியாவின் பேச்சு 17 முதல் 25 வரை, கர்த்தரின் பேச்சு 27-இல் தொடங்குகிறது. ஓரத்தில் கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் வாசிக்கிறவர்கள் எரேமியாவின் கேள்வியைக் கர்த்தரின் வாக்கு என்று சொல்லிவிடுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஜெபம் இப்படித் தொடங்குகிறது: "ஆ கர்த்தராகிய ஆண்டவரே, இதோ, தேவரீர் உம்முடைய மகா பலத்தினாலும், நீட்டப்பட்ட உம்முடைய புயத்தினாலும், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினீர், உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை."

அதற்குப் பின் ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று ஓரத்தில் குறியுங்கள். 17 முதல் 22 வரை கர்த்தர் யார், என்ன செய்தார்: படைப்பு, எகிப்திலிருந்து விடுதலை, தேசத்தைக் கொடுத்தது. 23-இல் ஜனங்களின் கீழ்ப்படியாமை. 24-இல் இன்றைய நிலை: மதில் வரைக்கும் முற்றுகை மேடு வந்துவிட்டது, பட்டயம், பஞ்சம், கொள்ளைநோய். 25-இல், நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறதே, அப்படியிருக்க நிலத்தை வாங்கு என்று சொன்னீரே என்கிறார்.

அவ்வளவுதான், ஜெபம் முடிந்துவிட்டது.

இப்போது திரும்பத் தேடுங்கள். இந்த ஒன்பது வசனங்களில் "தாரும்", "செய்யும்", "விடுவியும்" என்று ஒரு வேண்டுதல்கூட இல்லை. என்னை இந்த முற்றத்திலிருந்து வெளியே கொண்டுவாரும் என்றுகூடக் கேட்கவில்லை. கர்த்தருடைய வல்லமையை முழுக்கச் சொல்லி, தன் குழப்பத்தையும் முழுக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்.

புதிதாக வருகிறவர்களை இதில் அதிக நேரம் செலவழிக்கச் சொல்கிறேன். "உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை" என்பதும் "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்பதும் ஒரே ஜெபத்தில் வரலாம் என்று பார்த்தவுடன், ஜெபத்தில் கேள்வி கேட்டால் அவிசுவாசம் என்று பயந்துகொண்டிருந்தவர்கள் முகம் மாறும். நம் கூட்டங்களில் அப்படிப் பயப்படுகிறவர்கள் நிறைய.

## 5. பதிலின் இரண்டு பாதியையும் படியுங்கள் (32:26–44)

கர்த்தர் எரேமியாவின் வரியையே எடுத்து அவரிடம் திருப்பிக் கேட்கிறார்: "இதோ, நான் மாம்சமான யாவருக்கும் தேவனாகிய கர்த்தர், என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?"

27-ஆம் வசனத்தைத் தனியாக எடுத்து ஸ்டிக்கர் அடிக்கிறவர்கள் 28-ஐ அடிப்பதில்லை. அடுத்த வரியிலேயே, இந்த நகரத்தைக் கல்தேயர் கையில் ஒப்புக்கொடுக்கிறேன் என்கிறார். 35 வரை காரணம் சொல்கிறார்: விக்கிரகாராதனை, பாகாலுக்குத் தூபம், பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணியது. 36-க்கு மேல்தான் திருப்பம். அவர்களைத் திரும்பச் சேர்ப்பேன், நித்திய உடன்படிக்கை செய்வேன், நிலங்கள் விலைக்கு வாங்கப்படும், பத்திரங்கள் எழுதப்படும்.

பத்திரத்துக்கே வந்து முடிகிறது பாருங்கள். எரேமியா கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: நகரம் விழும், ஜனம் திரும்பும். கர்த்தரின் வல்லமை இரண்டாவது பத்தியில் மட்டும் இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். 27-ஆம் வசனம் இரண்டுக்கும் தலைப்பாக நிற்கிறது.

## 6. இப்போதுதான் 33:3

இவ்வளவு தூரம் வந்த பிறகு வசனம் சின்னதாகத் தெரியாது. மூன்று துண்டாகப் பிரியுங்கள்.

*என்னை நோக்கிக் கூப்பிடு.* இது கட்டளை. ஏற்கெனவே ஜெபித்து, பாதி கசப்பான பதிலும் வாங்கி, இன்னும் அதே முற்றத்தில் இருக்கிறவருக்கு மறுபடியும் கூப்பிடு என்கிறார்.

இதே புத்தகத்தில் 7:16, 11:14, 14:11 மூன்றையும் எடுத்து வாசியுங்கள். இந்த ஜனத்துக்காக விண்ணப்பம்பண்ண வேண்டாம் என்று கர்த்தர் மூன்று தடவை எரேமியாவைத் தடுத்திருக்கிறார். அப்படித் தடுத்தவரே இப்போது கூப்பிடச் சொல்கிறார். இதை அறியாமல் 33:3-ஐ வாசித்தால் அது எப்போதும் திறந்திருக்கிற ஒரு கதவாகத்தான் தெரியும். முற்றத்தில் இருந்த எரேமியாவுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பது தெரியாது.

*நான் உனக்கு உத்தரவு கொடுப்பேன்.* உத்தரவு என்றால் இங்கே பதில். கூட்டத்தில் இளைஞர்கள் இருந்தால் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

*நீ அறியாத, உனக்கு எட்டாத பெரிய காரியங்களை அறிவிப்பேன்.* நன்றாகக் கவனியுங்கள், வாக்கு "அறிவிப்பேன்" என்பது. கேட்டதையெல்லாம் தருவேன் என்று இந்த வசனம் சொல்லவில்லை. கர்த்தர் தருகிறவர் என்பதற்கு வேதத்தில் வேறு இடங்கள் இருக்கின்றன. இந்த இடம், அவர் என்ன செய்யப் போகிறார் என்பதை எரேமியாவுக்குச் சொல்லப் போவதைப் பற்றியது.

சில பேர் இந்தப் படியில் ஏமாந்த மாதிரி ஆகிவிடுவார்கள். அவர்களை 7-ஆவது படிக்குச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போங்கள்.

## 7. "பெரிய காரியங்கள்" எவை என்று அடுத்த வசனங்களிலேயே தேடுங்கள் (33:4–16)

இந்தப் படியைத்தான் மிக அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். "பெரிய காரியங்கள்" என்றதும் வீடு, வேலை, வெளிநாடு என்று நாமே நிரப்பிவிடுகிறோம். கர்த்தர் வாய் மூடவில்லை, அடுத்த வசனத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறார்.

முதலில் கசப்பானது. முற்றுகையைத் தடுக்க இடிக்கப்பட்ட வீடுகள், அரமனைகள், அவற்றில் நிறையும் பிரேதங்கள் (4–5). ராஜாவின் மாளிகையையும் சாதாரண ஜனத்தின் வீட்டையும் ஒரே வரியில் சொல்கிறது வேதம்.

அப்புறம் ஒவ்வொன்றாக: ஆரோக்கியமும் குணமும், சமாதானமும் சத்தியமும் (6). சிறையிருப்பைத் திருப்புதல், முன்போல் கட்டுதல் (7). எல்லா அக்கிரமத்தையும் மன்னித்துச் சுத்திகரித்தல் (8). மனுஷனும் மிருகமும் இல்லாமல் பாழாய்ப்போன தெருக்களில் மறுபடியும் மணவாளன் சத்தம், மணவாட்டி சத்தம், கர்த்தரைத் துதிக்கிறவர்கள் சத்தம் (10–11). மேய்ப்பர்கள் திரும்ப வந்து ஆடுகளை எண்ணுவது (12–13). தாவீதுக்கு நீதியின் கிளை முளைப்பது (15).

கூட்டத்தில் இதை வாசிக்கும்போது 10, 11-ஐ நிதானமாக வாசியுங்கள். மனுஷன், மிருகம், கல்யாண வீட்டுச் சத்தம் என்று அங்கே இருப்பதெல்லாம் கைக்கு எட்டுகிற விஷயங்கள். ஆனால் முற்றத்தில் உட்கார்ந்து இடிகிற வீடுகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது எட்டாதது.

8-ஆம் வசனத்தையும் அழுத்திச் சொல்லுங்கள். வாக்குத்தத்தம் என்று பேசுகிறவர்கள் மன்னிப்பை அந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. 32-இல் நகரம் விழுவதற்குச் சொன்ன காரணம் பாவம். எனவே மன்னிப்பு இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது.

## 8. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள்

எரேமியா உடனே விடுதலை ஆகவில்லை. எருசலேம் பிடிபடும் நாள் வரைக்கும் காவற்சாலை முற்றத்தில்தான் இருந்தார் (38:28). சிதேக்கியாவின் பதினோராம் வருஷம் நான்காம் மாதம் ஒன்பதாம் தேதி மதில் திறக்கப்பட்டது (39:2). கி.மு. 587 என்றும் 586 என்றும் அறிஞர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

ஜனம் திரும்ப ஆரம்பித்தது பெர்சிய ராஜா கோரேசின் கட்டளைக்குப் பிறகு, கி.மு. 538-இல். எஸ்றா 1:1 அதை எரேமியாவின் வாயினால் சொன்னது நிறைவேறியதாகவே எழுதுகிறது. எரேமியா அதைப் பார்க்கவில்லை.

தானியேல் 9:2–3-ஐக் கட்டாயம் சேருங்கள். எருசலேம் பாழாய்க் கிடக்கும் என்று எரேமியா எழுதிய எழுபது வருஷத்தைப் புத்தகத்தில் வாசித்துவிட்டு, "வாக்கு வந்துவிட்டது, இனி கவலையில்லை" என்று தானியேல் உட்காரவில்லை. உபவாசமிருந்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, எங்கள் பாவம் என்று ஜெபிக்கிறார். எரேமியாவின் வாக்கை ஒருவர் எப்படிக் கையில் எடுத்து ஜெபிப்பது என்பதற்கு வேதத்துக்குள்ளேயே இருக்கிற மாதிரி அது.

## 9. வேறு வசனங்கள்: மூன்றுக்கு மேல் வேண்டாம்

நான் எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 18:14 (சாராளைப் பற்றி ஆபிரகாமிடம் சொன்னது, 32:27-க்குப் பக்கத்தில் வைக்க), சங்கீதம் 145:18 (கூப்பிடுகிற யாவருக்கும் கர்த்தர் சமீபம்), 1 யோவான் 5:14 (அவருடைய சித்தத்தின்படி கேட்டால்). அதற்கு மேல் போனால் வருகிறவர்கள் பக்கம் புரட்டுவதிலேயே இருப்பார்கள்.

## 10. இங்குள்ள வாழ்க்கைக்குப் பொருத்துங்கள்

33:3 முதலில் எரேமியாவுக்குச் சொன்னது. நமக்கு எப்படி வருகிறது? சங்கீதம் 145:18 வழியாக வருகிறது: கூப்பிடுகிற *யாவருக்கும்*. 32:17 வழியாகவும் வருகிறது: கர்த்தருடைய வல்லமை எரேமியாவோடு முடிந்துபோகவில்லை. இந்த இரண்டு வசனங்களையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும்.

பிறகு அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து கடன் கட்ட முடியாத சிறு விவசாயி இருப்பார். அவருக்கு "அடுத்த மாதம் விலை ஏறும்" என்று 33:3-ஐ வைத்துச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. 24, 25-ஆம் வசனங்களைப் போல உள்ளபடி சொல்லி ஜெபிக்கலாம் என்று காட்டலாம்: கடன் இவ்வளவு, விலை இவ்வளவு, எனக்குப் புரியவில்லை, உம்மால் ஆகாதது இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூருக்கு இறங்கி ஏறிக்கொண்டிருக்கிற குடும்பம் இருக்கும். 33:6-இல் ஆரோக்கியம் என்று இருக்கிறதே என்பார்கள். அங்கே அது நகரத்தைப் பற்றியது. சுகத்துக்காக ஜெபியுங்கள், தயங்காமல் ஜெபியுங்கள். இந்த வசனத்தைக் காட்டித் தேதி மட்டும் குறிக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் நம் கூட்டங்களில் உண்டு. "சிறையிருப்பைத் திருப்புவேன்" என்றதும் பேசுகிறவர் இதோ உங்கள் கதை என்று சொல்லிவிடுவார். நிதானியுங்கள். பாபிலோனிலிருந்து யூதா திரும்பியது வேறு. இங்கே வந்த பல பேருக்குப் பிறந்த ஊரே அங்கேதான், வந்தது பார்க்காத மலைக்கு. பாட்டிமார் இருந்தால் "இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்கள் சொல்வது பெரிதாக இருக்கும்.

கடைசியாக, மிக முக்கியமான எச்சரிக்கை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து வீடும் ஆளும் இழந்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். இடிந்த வீடுகளைப் பற்றிய 33:4-ஐ வாசிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசியுங்கள். "ஜெபித்திருந்தால் நடந்திருக்காது", "ஏதோ பாவம்" என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. எருசலேமின் பாவத்தைப் பற்றிக் கர்த்தர் தாமே காரணம் சொன்னார். குன்னூர் சரிவைப் பற்றி அவர் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. 2-ஆவது படியில் எழுதிய நான்காவது வரியை இங்கே எடுங்கள்: எரேமியா அடைபட்டது அவருடைய விசுவாசக் குறைவால் இல்லை.

## 11. இருபது நிமிடத்தில் பகிருங்கள்

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள். பாட்டு, சாட்சி, ஜெபக்குறிப்பு எல்லாம் போக உங்களுக்கு இருபது நிமிடம்தான். வீட்டுக்காரர் கட்டன் சாயாவும் வர்க்கியும் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டால் கூட்டத்தின் கவனம் அங்கே போய்விடும், அதற்குள் முடியுங்கள்.

வரிசை இப்படி: 32:16–27-ஐ ஒருவர் வாசிக்கட்டும். நீங்கள் நிலம் வாங்கிய கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். 33:1–11-ஐ இன்னொருவர் வாசிக்கட்டும். பெரிய காரியங்களின் பட்டியல், பிறகு தானியேல், பிறகு ஒரே ஒரு பொருத்தம். 10-ஆவது படியில் எழுதியதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு யார் வந்திருக்கிறார்களோ அதற்கு ஏற்றதை எடுங்கள்.

இரண்டு கேள்வி எப்படியும் வரும்.

"அப்போ நாம கேட்டது கிடைக்காதா பிரதர்?" கிடைக்கலாம், கேளுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். பவுல் மூன்று தரம் கேட்டும் மாம்சத்தில் இருந்த முள் நீங்காமல் "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலும் வேதத்தில்தான் இருக்கிறது (2 கொரிந்தியர் 12:8–9). இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"வாக்குத்தத்த அட்டை எடுப்பது தப்பா?" தப்பென்று நான் சொல்வதில்லை. அட்டையில் வந்த வசனம் இருக்கிற அதிகாரத்தை ஜனவரி மாதத்துக்குள் முழுதாக வாசித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

முடிவு ஜெபத்தை 32-ஆம் அதிகாரத்தின் வரிசையிலேயே நடத்துங்கள். முதலில் கர்த்தர் யார் என்று சொல்லுங்கள், அடுத்து நம் பாவம், பிறகு ஜெபக்குறிப்புகளை உள்ளபடி, கடைசியில் புரியாததைப் புரியவில்லை என்றே. ஜெபக்குறிப்புகளை நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பதில் வந்தால் பக்கத்தில் எழுத, வராவிட்டால் மறுபடி கூப்பிட.

அடுத்த வாரமும் பேசச் சொன்னால் வேறு புத்தகத்துக்குத் தாவ வேண்டாம், எரேமியா 42-ஐ எடுங்கள். மிஞ்சியிருந்த ஜனங்கள் தாங்களே வந்து எங்களுக்காக விண்ணப்பம்பண்ணும் என்று கேட்கிறார்கள், நன்மையானாலும் தீமையானாலும் கேட்போம் என்கிறார்கள். பத்து நாள் சென்று பதில் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு 43:2-இல் எரேமியாவைப் பார்த்து "நீ பொய் சொல்லுகிறாய்" என்கிறார்கள். 42-ஐ மட்டும் வாசித்து நிறுத்திவிடாமல் 43:7 வரைக்கும் போங்கள்.